தூண் நிழலில் வந்த கதிர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே ஒரு வயல். தை, மாசியில் அறுக்கும் கும்பப்பூ பருவத்தில் அதில் விளையும் நெல்தான் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் சோறு. பழைய ரகம், ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். வயலின் மேற்கே மண்ணடித்து நிரப்பிய இடத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீடு கட்டிக் குடிவந்தார். மதிலுக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் போக்கஸ் லைட் வைத்தார். இருட்டியதும் எரியும், விடிந்தால் அணையும்.

கார்த்திகைக் கடைசியில் வயல் கதிர் தள்ளியது. மதிலை ஒட்டிய பாகம் மட்டும் பச்சையாகவே நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டேன். பச்சை கூடியது, கதிர் வரவில்லை. வேளாண்மை அலுவலகத்தில் சொன்னபோது, ராத்திரி வெளிச்சம் விழுகிறதா என்று கேட்டார்கள். ராத்திரி நல்ல இருட்டு இல்லாவிட்டால் பழைய ரகம் கதிர் தள்ளாதாம். பஞ்சாயத்தில் மனு கொடுக்கலாம் என்றார்கள். தாள் வாங்கினேன், எழுதவில்லை. நேரில் கேட்கவும் வாய் வரவில்லை. நான்கு நாள் மதிலோரமாக நடந்தேன். ஐந்தாம் நாள் தலைமையாசிரியர் சாரே முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

“என்னடே, மதிலுக்குக் காவலா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“ஏட்டி, கேட்டியா?” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். “லைட்டு எரியதுனால இவன் நெல்லு ஒறங்கலியாம்.”

அவர் மனைவி வெளியே வந்தார். “லைட்ட அணைச்சா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். படியில அணலி கிடந்தது மறந்துபோச்சா?”

அணலி என்றால் கண்ணாடிவிரியன், கடித்தால் பிழைப்பது கஷ்டம். அந்த அம்மாளின் பயத்தில் நியாயம் இருந்தது. திரும்பிவிட நினைத்தேன். முற்றம் மேடு என்பதால் அங்கிருந்து வயல் முழுவதும் தெரிந்தது. பச்சைக்கு நடுவே இரண்டு முழ அகலத்தில், நேர்கோடாகக் கதிர் வந்திருந்தது. மதிலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் தூணின் நிழல் ராத்திரி விழுகிற இடம் அது.

“சார், அதக் கொஞ்சம் பாருங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். கம்பத்தையும் தூணையும் பார்த்தார். கோட்டின் இரண்டு ஓரமும் நடந்தார்.

“செரி. வெளிச்சம் அவ முற்றத்துக்கு, இருட்டு உன் வயலுக்கு. போதுமாடே?”

மறுநாள் எண்ணெய் டின்னை வெட்டி விளக்குக்கு மறைப்பு வைத்தோம். வெளிச்சம் முற்றத்தோடு நின்றது. மதிலோரப் புல்லை வாரம்தோறும் வெட்டித் தருவதாக அந்த அம்மாளிடம் சொன்னேன்.

“அப்பவும் அணலி வந்தா?”

“கூப்பிடுங்கம்மா, வாறேன்.”

“நீ வாயத் தொறக்கவே நாலு நாளு எடுத்தவனாச்சே” என்றார்.

தையில் அறுப்பு மெஷின் வந்து மற்றதை அறுத்தது. மதிலோரப் பாகத்தில் தை முடியும்போதுதான் கதிர் எட்டிப் பார்த்தது. அது பால்பிடிக்கும் நேரத்தில் கால்வாயில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள். சார் தன் கிணற்று மோட்டாரில் ஹோஸ் மாட்டி மதிலுக்கு மேலாகப் போட்டார். நான் கேட்கவில்லை.

நேற்று நானும் மனைவியும் அதை அரிவாளால் அறுத்தோம். பதர் அதிகம். மூன்று மாதம் கடையில் அரிசி வாங்க வேண்டிவரும் என்று பயந்திருந்தேன். ஒரு மாதத்துக்கு வாங்கினால் போதும் போலிருக்கிறது. மனுவுக்கு வாங்கிய தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

பங்குனி 5.