உங்கள் மாமா போட்ட எஸ்ஸே

அன்று உப்பளத்து வரப்பில் நின்றபடி போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். பாதிப் பேச்சைக் கடல்காற்று கொண்டுபோய்விட்டது. பிரான்சிலிருந்து உங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கத்திச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "மச்சான், இன்னிக்கு ரெண்டு எஸ்ஸே போட்டேன்!"

எஸ்ஸே என்றால் கட்டுரை. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்கே அது தெரியும். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த உங்கள் தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மகனைப் படிக்கத்தான் அங்கே அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "படிக்கலன்னா அடுத்த பிளைட்ல வந்துடணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. அன்று எல்லாருக்கும் அவர் செலவில் டீ. அதன்பிறகு திங்கட்கிழமை தோறும் கேட்பார்: "என்னா மாப்ள, இந்த வாரம் எத்தினி கட்டுரை?" மாமா சொன்ன கணக்கை நானும் ஒப்பிப்பேன். ஒரு வாரம், "ஒண்ணும் இல்ல மச்சான், கையிலேந்து நழுவிடுச்சு" என்றார். பேனாவைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வீடியோ வந்தது. மாமா கையில் பந்து. மேலே நான்கு வெள்ளைக்காரர்கள் தொங்குகிறார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டே போய், கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துகிறார். அதற்குப் பெயர்தான் அங்கே எஸ்ஸே! அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி அது. பந்தைக் கையால் பின்னால்தான் எறியலாம். முன்னால் போக வேண்டுமானால் சுமந்துகொண்டு ஓட வேண்டும். படிப்பை விட்டதையும், ஒரு கிளப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்ததையும், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றதையும் முதல் நாளே சொன்னாராம். எல்லாம் காற்றோடு போயிருக்கிறது.

"இனிமே மறைக்க வேணாம், காட்டிடுங்க மச்சான். வரச் சொன்னா வந்துடறேன்" என்றார்.

தாத்தா வீடியோவை மூன்று முறை பார்த்தார். எங்களோடு உப்பு வாரும் ஓர் அக்கா எட்டிப் பார்த்து, "கட்டுரை நல்லா கனமா இருக்குதே!" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப்பின் மாமா ஒன்பது வருஷம் ஆடியதும், இரண்டு முறை மூக்கு உடைந்ததும், இப்போது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுத்தருவதும் உங்களுக்குத் தெரியும். அத்தனையும் அந்த நிமிஷம் தாத்தாவின் ஒரு சொல்லில் இருந்தது.

போன் போடச் சொல்லி வாங்கினார். "டேய்" என்றார்.

"மேல தொங்குனானுங்களே நாலு பேரு, அவனுங்களுக்கு அடி ஒண்ணும் படலயே? பாத்து ஆடுடா!"