மோட்டாண்ட நிறுத்தச் சொன்னார்

ஐப்பசியின் கடைசி சனிக்கிழமை. நானும் மனைவி சாரதாவும் படுக்கை வசதியுள்ள வாடகை வேனில், உத்திரமேரூரை அடுத்த மானாம்பதி பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் ஓரிரவு தங்கப் போனோம். பண்ணைக்காரர் கன்னியப்பன் ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டே, "வண்டிய மோட்டாண்ட வுடுங்க சார்" என்றார். கிணற்றடியில் பம்புசெட்டு மோட்டார் தெரிந்தது. அதைத்தான் சொல்கிறார் என்று அதன் அருகில் நிறுத்தினேன்.

இரவெல்லாம் மழை. விடியும் நேரம் கன்னியப்பன் வேன் கதவை இடித்தார்.

"எய்ந்திரிங்க சார்! ஏரித் தண்ணி வருது!"

திறந்தால் வேனின் படிவரை தண்ணீர். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சாரதாவால் அதில் தனியாக இறங்க முடியாது. கன்னியப்பனின் மனைவி முனியம்மா உள்ளே ஏறி, அவளைத் தோளோடு அணைத்துக் கரைசேர்த்தார். கன்னியப்பன் டிராக்டரில் கயிறு கட்டி வேனை இழுத்தார்.

"மோட்டாண்டன்னுதான சொன்னேன்? ஆடுங்க கீற மோடு!" என்று பட்டி இருந்த உயரமான இடத்தைக் காட்டினார். மேட்டைத்தான் மோடு என்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னா சார், வண்டிக்குத் தண்ணி காட்டலாம்னு வுட்டீங்களா?" என்றார் முனியம்மா. நடுங்கிக்கொண்டிருந்த சாரதாவும் சிரித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் யார் இடம் சொன்னாலும் கையை நீட்டி, "அதோ, அங்கேயா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே வண்டியை நிறுத்துகிறேன். பெருமழை என்றால் கன்னியப்பனே போன் செய்துவிடுகிறார்.

"சார், மோட்டுலதான கீறீங்க?"

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். "மோட்டுலதான் கன்னியப்பன்" என்கிறாள் சாரதா.