கடைமடை சிலிண்டர்

ஐம்பது வயதில் பந்தயத் தடத்தில் ஒருமுறையாவது ஓட்டிவிடும் ஆசையில், என் பழைய காருக்கு வேகம் கூட்டும் நைட்ரஸ் வாயுக் கருவி பொருத்தினேன். அந்த வாயு போகும்போது பெட்ரோலும் கூடுதலாகப் போக வேண்டும்; குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் பெரிய பம்ப் வாங்கி, அதன் வாயிலேயே அழுத்தத்தை அளந்து திருப்தியடைந்தேன். முதல் ஓட்டத்திலேயே புகை.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார்.

"நாலாவது பிஸ்டன்ல ஓட்டை சார். பழைய குழாய் சன்னம், கடைசி சிலிண்டர் வரைக்கும் பெட்ரோல் வரலைங்க."

"பம்புல நல்லாத்தானே இருந்துச்சு?"

"அணையிலயும்தான் தண்ணி இருக்கு. உங்க வயலுக்கு வந்துச்சா?"

என் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. அணையில் அளந்த கணக்கை எங்களிடம் காட்டாதீர்கள் என்று வருடந்தோறும் அதிகாரிகளுக்கு மனு எழுதுபவனே நான்தான். இந்த வருட மனுவுக்கும் பதில் இல்லை. காரைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.