தம்படத்தில் இரண்டு பேர்

நடேசன் அண்ணன் இருபத்தாறு வருடமாக டாக்சி ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் பார்ப்பது அவருடைய பின்னந்தலையை மட்டும்தான். அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, தினமும் காலை ஏழு மணிக்கு சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கியின் கண்ணாடியைப் பார்த்து நின்று தன்னைப் படம் எடுத்துக்கொள்கிறார். பதினோராம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை அது அவருடைய ஸ்டூடியோ. நடுவில் ஏழாம் மாடியில் கதவு திறந்தால், நான்.

"சாரி அண்ணே" என்பேன். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவன். மின்தூக்கி தாமதமானால் அதனிடமும் சாரி சொல்வேன்.

சமூக மன்றத்தில் 'தம்படப் போட்டி' அறிவித்தார்கள். செல்ஃபியைத்தான் அப்படி அழகாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய கைபேசியில் இருந்த நானூறு படங்களையும் அலசினோம். எல்லாவற்றிலும் உரிமத்துக்கு எடுத்ததுபோல ஒரே முகம். ஒன்றில் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு ஷூ காலிலும், மற்றது கையிலும், அலுவலக அட்டை வாயிலுமாக நான் நிற்கிறேன்.

"இதாம்பா நானு. மத்ததெல்லாம் லைசென்ஸ்" என்றார்.

என்னை வெட்டிப் பார்த்தோம். அவருடைய காதும் சேர்ந்து போனது. அப்படியே கொண்டுபோனோம்.

மன்றத்தில் படங்களை வாங்கிக்கொண்டவர் அல்போன்சம்மாள், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. "ரெண்டு முகம் இருக்கே. தம்படம்னா ஒருத்தர்தான். வேற படம் கொண்டாங்க."

அண்ணன் முகம் பழைய லைசென்ஸுக்குத் திரும்பியது. என் வாய் தானாகத் திறந்தது.

"டீச்சர், ஒருத்தர்னா 'தன்படம்'னுதானே வரணும்? 'தம்'னா பன்மை." உடனே, "சாரி."

"மரியாதைக்கும் 'தம்' வரும், தம்பி."

அண்ணன் குனிந்தார். "டீச்சர், வண்டியில என்னை 'அங்கிள் லெஃப்ட்டு, அங்கிள் ரைட்டு'ன்னுதான் சொல்றாங்க. மரியாதையெல்லாம் வேணாம். பன்மையிலயே போட்டுக்குங்க லா."

அல்போன்சம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "பன்மைன்னா ரெண்டு கையெழுத்து."

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். "அண்ணே, இதனால என் விண்ணப்பத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"படத்துக்குத் தலைப்பு?" என்று அல்போன்சம்மாள் அவரைக் கேட்டார்.

அண்ணன் பேனா பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "'ஏழாம் மாடி'ன்னு எழுதிக்குங்க. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும், நான் வண்டி பார்க்கிங் நேரத்தை நீட்டிட்டு வந்துடுறேன்."