இரண்டு குடை நீள வண்டி

முதலில் வருவது வாசனைதான். வெயிலில் காய்ந்த வைக்கோலும் எண்ணெய்ப் புகையும் கலந்த ஒரு நெடி, அதன் பின்னாலேயே தெருமுனையில் "டபடப"வென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கும்போது எங்கள் வீட்டுச் சாமானில் பாதி ஏற்கெனவே கோணிக்குள் போயிருக்கும். மூன்று சக்கர டெம்போவைச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி, குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று தாம்பரத்தைச் சுற்றிச் சுற்றி நாங்கள் வீடு மாற்றிய காலத்தில், சொந்தக்காரர்களைவிட அடிக்கடி எங்கள் வாசலுக்கு வந்தது அந்த வண்டிதான்.

"ஹவுஸ் ஓனர்" முகம் சுளித்தால் போதும், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தால் போதும், அப்பாவுக்கு அந்த வீடு கசந்துவிடும். ஆபீஸிலிருந்து திரும்பும்போதே "டு லெட்" பலகைகளைப் பார்த்துக்கொண்டு வருவார். லாரி என்றால் அவருக்கு ஆகாது. லாரிக்குக் கூட்டமாக ஆள் வேண்டும், தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். டெம்போ என்றால் சாமானோடு சாமானாக நாமும் ஏறிக்கொள்ளலாம், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும் என்பார். அதன் தட்டு இரண்டு குடை நீளம் என்று தன் கறுப்புக் குடையால் அளந்து வைத்திருந்தார். கட்டில் வாங்கப் போனாலும் மேஜை வாங்கப் போனாலும், விலை கேட்பதற்கு முன் குடையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எனக்கும் டெம்போ என்றால் உயிர். மெத்தைச் சுருட்டின் மேல் உட்கார்ந்து, மடியில் சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, போகிற வீடு எப்படி இருக்குமோ என்ற குறுகுறுப்போடு போகிற அந்தச் சுகத்துக்காக, புது வீட்டில் காலெடுத்து வைத்த மறுநாளே அடுத்த டெம்போ எப்போது வரும் என்று எனக்குக் கால் பரபரக்கும்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஒவ்வொரு புது வீட்டுக்குள்ளும் வேதப்புத்தகமும் உப்பு ஜாடியுமாக முதலில் நுழைவாள். ஆனால் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவே மாட்டாள். "பிரிச்சா மறுபடி கட்டணும்" என்பாள். "லாரி வெச்சாத்தான் முடியும்ங்கற அளவுக்கு ஒரு தடவையாவது சாமான் சேரணும். அப்பத்தான் இந்த மனுஷர் ஒரு இடத்துல உக்காருவார்."

அப்படியே நடந்தது. ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்குத் திரும்பிய ஒரு டீச்சர், தன் தேக்கு பீரோவை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் உயரத்துக்கு மேல், கதவு முழுக்கக் கண்ணாடி. அப்பா குடையோடு வந்தார். படுக்க வைத்தால் கண்ணாடி உடையும், நிறுத்தி வைத்தால் டெம்போ கவிழும், பேசாமல் விற்றுவிடலாம் என்றார். மாடம்பாக்கத்தில் வீடு முடிவானபோது, அம்மா அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு தானே போய், அளந்து பார்த்து, ஒரு லாரியைப் பேசிவிட்டு வந்தாள்.

நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியபோது லாரி தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தது. லாரியை அளந்த அம்மா தெருவை அளக்கவில்லை. லாரிக்காரர் சாமானையெல்லாம் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போயேவிட்டார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து டெம்போ கட்சியான எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவரே தாம்பரம் போய், எங்கள் வழக்கமான டெம்போக்காரர் கன்னியப்பன் அண்ணனை அழைத்து வந்தார்.

"இன்னா சார், நம்மள வுட்டுட்டு லாரியா?" என்றபடி அவர் பீரோவைச் சுற்றி வந்தார். "நிக்க வெச்சே இட்டுகினு போலாம் சார். ஆனா யாராச்சும் பின்னால புடிச்சுகினு வரணும். கண்ணாடி கீது பாருங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் அம்மா ஏறிவிட்டாள். இரண்டு கைகளாலும் பீரோவைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் கன்னத்தை வைத்து நின்றாள். சுவர்களுக்கு நடுவே டெம்போ ஊர்ந்தது; அவளுடைய முழங்கை சுவரில் உராய்ந்து தோல் உரிந்ததை நான் பின்னால் நடந்தபடி பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மழை வலுப்பதற்குள் பீரோ கீறல் இல்லாமல் உள்ளே போனது. அன்று அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே, அம்மா எல்லாப் பெட்டிகளையும் பிரித்துவிட்டாள்.

"இது இறங்கின இடம்தான் இனிமே எனக்கு வீடு" என்றாள். "உங்களுக்கு மாத்தணும்னு தோணிச்சுன்னா குடையை எடுத்துக்கிட்டு நீங்க போங்க."

அப்பா போகவில்லை, பின்னாளில் அந்த வீட்டையே வாங்கினார். ஆனாலும் கடைசிவரை, "டு லெட்" பலகையைக் கண்டால் அவர் நடை கொஞ்சம் தளரும்.

இப்போது அப்பா இல்லை, கன்னியப்பன் அண்ணனும் இல்லை, மூன்று சக்கர டெம்போ கண்ணில் படுவதே இல்லை. அப்பாவின் அந்தப் பரபரப்பு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஊர் ஊராக வீடு மாற்றி, இப்போதைக்கு நாவலூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். அங்கேயும் கால் நிலைகொள்ளவில்லை. தனியாக இருக்கிற அம்மாவை என்னோடு அழைத்துவர, போன வாரம் மாடம்பாக்கம் போனேன். பெரிய லாரி அனுப்புகிறோம் என்ற வீடு மாற்றும் கம்பெனிக்காரர்களிடம் பிடிவாதமாகச் சின்ன வண்டிதான் கேட்டேன். டெம்போவுக்குப் பேரன் மாதிரி ஒன்று சமர்த்தாகச் சந்துக்குள் நுழைந்து வாசலில் வந்து நின்றது.

"பீரோ நிமிர்ந்தே ஏறும்மா. அளந்துட்டேன்" என்றேன்.

பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "வண்டியை அளந்தே சரி. உங்க லிஃப்டை அளந்தியா?"

நான் அளக்கவில்லை. அம்மா மெதுவாக எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் குடையோடு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, பெட்டியிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பீரோவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.