படத்தில் விழாத மணல்

அறந்தாங்கியில் செய்தித்தாள் புகைப்படக்காரனாக இருந்த வருடங்களில், வாரத்தில் இரண்டு காலையாவது ஆற்றுக்குப் போய்விடுவேன். தண்ணீர் ஓடாத ஆறு. பாலத்தடியில் கோழிக்கழிவு, கட்டட இடிபாடு, கிழிந்த மெத்தைகள். அதைத் தாண்டினால் வெள்ளை மணல், நாணல், ஆடுகள், ஊற்று நீரில் துணி துவைத்து உலர்த்துகிறவர்கள். இன்று மணல் இல்லை, கருவேலம் மூடிவிட்டது. பாலத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னல் வழியாக இன்னமும் எட்டிப் பார்க்கிறேன்.

ஒரு கோடையில் பாலத்தில் நின்று டெலி லென்ஸில் ஒரு பெண்ணைப் படமெடுத்தேன். மணலில் ஊற்று தோண்டி, செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். தூரத்தைச் சுருக்கிக் காட்டும் லென்ஸ் அது. குப்பைக்கும் ஊற்றுக்கும் நடுவே இருந்த இருநூறு அடி மணல் படத்தில் காணாமல் போனது. குடம் குப்பைக்குள் நிற்பதுபோல் விழுந்தது. நல்ல படம் என்று நினைத்தேன். ‘குப்பை நடுவே குடிநீர்’ என்ற தலைப்போடு மறுநாள் வந்தது.

அவர் பஸ் நிலையம் பக்கம் இட்லிக்கடை வைத்திருப்பவர் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தேடிப் போனேன். மீமிசலிலிருந்து மீன் ஏற்றி வரும் வேன்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. படம் வந்ததிலிருந்து பெஞ்சு காலியாக இருந்தது. இறக்கிய இட்லி ஈடு ஈரத்துணியில் அப்படியே கிடந்தது.

“நீங்கதானா படம் புடிச்சது? நல்லாத்தான் விழுந்திருக்கேன். சவுதியிலேர்ந்து எம் மகன் கூப்புட்டு, குப்பையில என்னம்மா பண்றேங்குறான்.”

“தப்பு என்னோடதுங்க அக்கா. திருத்தம் போடச் சொல்றேன்.”

அலுவலகத்தில் கேட்டேன். படத்தில் இல்லாத எதையும் நாம் எழுதவில்லையே என்றார்கள். கரையிலிருந்து, மணல் முழுதும் தெரிய, வேறு படம் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் வரவில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

“வராததே நல்லது. வந்தா மறந்தவனுக்கும் ஞாபகம் வந்துரும். ஒண்ணு செய்யிங்க தம்பி. தெனம் காலையில இங்கிட்டு வந்து சாப்புடுங்க. பேப்பர் பேரு எழுதுன ஒங்க வண்டிய ரோட்டப் பாத்து நிப்பாட்டுங்க.”

போனேன். முதல் இரண்டு வாரம் பெஞ்சில் நான் ஒருவன்தான். ஊற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து வைப்பார். தெருவைப் பார்த்தபடி குடிப்பேன். வேன்காரர் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

“என்ன சார், ஊர வெரட்டிட்டு நீங்க மட்டும் திங்கிறீங்க?”

“ஊத்து அங்கிட்டு, குப்பை இங்கிட்டுங்க. நான் எடுத்த விதம் தப்பு.”

அவர் செம்பை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் இன்னொருவரைக் கூட்டி வந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலை நான்காவது இட்லியில் இருந்தேன். பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“போதும், எந்திரிங்க தம்பி,” என்றார் அக்கா. “ஆளு நிக்கிது. வண்டியவும் எடுத்துருங்க, வேன் நிப்பாட்ட எடமில்ல.”