பேடா கேட்ட கௌரம்மா

எண்பதுகளில், என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை கிடைத்து நாகர்கோவிலிலிருந்து ஓசூருக்குக் குடிவந்த புதிது. எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தையும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவுக்குத் தமிழ் வராது. அவர் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். உதவி செய்யத்தான் கர்த்தர் என்னை இங்கே குடிவைத்தார் என்று நினைத்து, தினமும் சோறும் குழம்பும் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் அவர் தலையை ஆட்டி, "பேடா, பேடா" என்பார்.

பாவம், இனிப்புக்கு ஆசைப்படுகிறார் என்று கால் கிலோ பால் பேடா வாங்கிப் போய் நீட்டினேன். வேலை முடிந்து வந்த அவர் மகன் சிரித்தேவிட்டார்.

"அக்கா, கன்னடத்துல பேடான்னா வேணாம்னு அர்த்தம். சோறு நானே ஆக்கிப் போடறேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அம்மாவுக்கு என்னதான் வேணும்? கேளுங்க தம்பி."

கேட்டார். கௌரம்மா மெல்லத் தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"தல வாரிப் பத்து நாளாச்சாம். வெளிய வர வெக்கமா இருக்குதாம். நான் வாரினா மாட்டு மூக்கணாங்கயிறு மாதிரி இழுக்கறேனாம்."

சிக்கெடுத்துப் பின்னி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் எனக்கு வெகுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்தது. பார்வையில்லாத பர்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறாரே; பார்த்தாலே தெரியாதா, இதைக் கேட்பானேன் என்று வாசிக்கும்போதெல்லாம் நினைப்பேன். எல்லாம் தெரிந்தவரே கேட்டிருக்கிறார். ஒன்றும் தெரியாத நான் பத்து நாளாகக் கேட்கவில்லை.

பின்னலை முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்ட கௌரம்மா, இடது கையாலேயே ஒரு பேடாவை எடுத்து என் வாயருகே நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது வார்த்தை தெரியும். சொல்லவில்லை.